மூடிய அறையும் திறந்த கொட்டகையும்



தோட்டத்துத் திடலில் இரண்டு கம்புகளை நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மலைக் குளிரில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்த அந்தப் படங்களில் பாட்டு இருந்தது, சண்டை இருந்தது, கண்ணீரும் இருந்தது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தில் பாட்டு கிடையாது. சண்டைக் காட்சியும் பெயருக்குத்தான். அதில் வரும் பகைவன் ஊசி முனையைவிடச் சிறியவன். ஆனாலும், பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த படம் அது.

'ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்' என்பது அதன் பெயர். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. இயக்கியவர் ராபர்ட் வைஸ். மைக்கேல் கிரைட்டன் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல்தான் அதன் கதை. இந்தக் கிரைட்டன் மருத்துவம் படித்தவர். பிற்காலத்தில் டைனோசர்கள் உயிர்பெற்று வரும் 'ஜுராசிக் பார்க்' கதையை எழுதியவரும் இவரே என்றால் இளையவர்களுக்கு உடனே விளங்கும்.

கதை இதுதான். விண்வெளிக்கு அனுப்பிய செயற்கைக்கோள் ஒன்று பாலைவனத்துச் சிற்றூர் ஒன்றில் வந்து விழுகிறது. ஊர் மக்கள் அதைத் திறந்து பார்க்கிறார்கள். அவ்வளவுதான். நின்றவர் நின்ற இடத்திலும் நடந்தவர் நடந்த இடத்திலுமாக ஊரே மாண்டு கிடக்கிறது. உடம்பிலிருந்த குருதி முழுதும் உறைந்து தூளாகிவிடுகிறது. ஆனால் இரண்டு உயிர்கள் மட்டும் தப்புகின்றன. ஒன்று, குடிப்பழக்கமுள்ள ஒரு கிழவர். மற்றொன்று, ஓயாமல் அழுதுகொண்டிருக்கும் கைக்குழந்தை.

அரசாங்கம் நான்கு அறிவியலாளர்களை அழைக்கிறது. அவர்கள் நிலத்துக்கடியில் ஐந்து அடுக்குகளாகக் கட்டப்பட்ட இரகசிய ஆய்வுக்கூடத்துக்குள் இறங்குகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கைவிடத் தூய்மையானது. உடுத்திய துணியை எரிக்கிறார்கள், மேனியைச் சுத்திகரிக்கிறார்கள். கிருமி வெளியே தப்பினால் கூடத்தையே சாம்பலாக்கிவிட அடியில் ஓர் அணுகுண்டும் தயாராக இருக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் ஒரே நோக்கத்துக்குத்தான். கொடிய உயிர் ஒன்றை ஓர் அறைக்குள் பூட்டி வைத்து, அது என்னவென்று கண்டறிய வேண்டும்.

அந்தக் காலத்தில் இது வெறும் கற்பனை அச்சமாக மட்டும் இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டு ஜூலையில் நிலவில் கால்வைத்துத் திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர்களைக்கூட உடனே வீட்டுக்கு விடவில்லை. நிலவிலிருந்து ஏதேனும் கிருமி வந்திருக்குமோ என்று 21 நாள் ஒதுக்கி வைத்துத்தான் அனுப்பினார்கள். நிலவில் கிருமி ஏதும் இல்லை என்பது பிறகு தெளிவாயிற்று.

படத்தில் நம் மனத்தில் நிற்பது அணுகுண்டோ ஐந்தடுக்கு மாளிகையோ அன்று. அறிவியலாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்விதான். ஊரே செத்த இடத்தில் அந்தக் கிழவரும் குழந்தையும் ஏன் சாகவில்லை? எதிலும் ஒத்துவராத இந்த இருவருக்கும் பொதுவாக இருப்பது என்ன?

விடை, புளிப்புத்தன்மையும் காரத்தன்மையும் பற்றியது. இதை நமக்கு விளக்க வேறெங்கும் போக வேண்டாம். தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதே மலையில் பக்கத்துக் கோசுத் தோட்டத்தில் சுண்ணாம்பு தூவி அந்தப் புளிப்பைக் குறைக்கிறார்கள். ஒன்றுக்கு உகந்த மண் மற்றொன்றுக்கு ஆகாது. நம் குருதிக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே அது நிற்க வேண்டும். கதையில் வரும் அந்த உயிரும் குறுகிய எல்லைக்குள் மட்டுமே வாழக்கூடியது. கிழவர் கண்டதையும் குடித்து, வயிற்றுவலிக்கு ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதால் அவர் குருதி புளித்துப் போயிருந்தது. குழந்தையோ விடாமல் அழுது வேகவேகமாக மூச்சு விட்டதால் அதன் குருதி மறுபக்கம், காரப் பக்கம், சாய்ந்திருந்தது. இரண்டு இடத்திலும் கிருமியால் வாழ முடியவில்லை.

செத்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இந்த விடை கிடைத்திராது. தப்பியவர்களைப் பார்த்ததால் கிடைத்தது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனென்றால், கதையை விட்டு இப்போது நம் நாட்டுக்கே வரப்போகிறோம். நம் மலையிலிருந்து இறங்கினால் எட்டிவிடுகிற ஈப்போ வட்டாரத்தில், 1998ஆம் ஆண்டில், இதே கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை வந்தது. கேட்கச் சற்றுத் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தின் விலையையும் காண்போம்.

அவ்வாண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் சிலருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. தலைவலி, வாந்தி, மயக்கம், பிறகு நினைவு தப்புதல். சிலர் சில நாட்களிலேயே இறந்தனர். மூளைக் காய்ச்சல் என்பது தெளிவாகத் தெரிந்தது. எந்த மூளைக் காய்ச்சல் என்பதில்தான் வழி தவறியது.

நம் நாட்டில் ஏற்கெனவே அறிந்த நோய் ஒன்று உண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்பார்கள். அதற்கும் பன்றிக்கும் தொடர்பு உண்டு. பன்றியின் குருதியில் பெருகும் அந்த வைரஸைக் கொசு எடுத்து வந்து மனிதனுக்குக் கொடுக்கும். பன்றிப் பண்ணை, கொசு, மூளைக் காய்ச்சல் என்று மூன்றும் பொருந்தி வந்தன. முதலில் நோயுற்றவர்களில் சிலரது குருதியில் அந்த நோய்க்கான எதிர்ப்பொருளும் இருந்தது. ஆகவே, இது ஜப்பானிய மூளைக் காய்ச்சலே என்று கொண்டார்கள். இன்று திரும்பிப் பார்த்து யாரையும் எளிதாகக் குறைசொல்லிவிடலாம். ஆனால் அன்று கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு அறிவீனம் அன்று. கொசுவுக்குப் புகையடித்தார்கள். மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை.

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை? ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இந்தக் காய்ச்சலோ வளர்ந்த ஆண்களையே மிகுதியாகத் தாக்கிற்று. பண்ணையில் பன்றிகளைக் கையாண்ட ஆண்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணை வேலைக்குப் போன நம் இந்தியரும் அவர்களுள் இருந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. பண்ணைகளுக்கு அருகிலேயே வாழ்ந்தும், பன்றியைத் தொடாத மலாய்க் குடும்பங்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. கொசு பரப்பும் நோயென்றால் இப்படி இருக்குமா? கொசு கடிக்கும்போது ஆளின் தொழில் என்ன, சமயம் என்ன என்று விசாரித்துக் கடிப்பதில்லையே!

இன்னொன்றும் இருந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் வளர்ந்த பன்றிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இந்த முறை பன்றிகளே நோயுற்றன. மூச்சு வாங்கின. நாய் குரைப்பதுபோல் உரக்க இருமின. பண்ணைக்காரர்கள் அந்த இருமலைக் காதால் கேட்டவர்கள். புத்தகத்தில் இல்லாத நோய்க்குறியை முதலில் கண்டவர்கள் அவர்களே.

இதற்கிடையில் அச்சம் தன் வேலையைச் செய்தது. பண்ணையில் நோய் என்றதும், உள்ள பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடலாம் என்று சிலர் எண்ணினார்கள். ஒரு தொழிலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் இது புரியாத காரியம் அன்று. கடன் வாங்கித் தீவனம் போட்டு வளர்த்த பன்றி கண்ணெதிரே செத்துப்போவதை எவர் பார்த்துக்கொண்டிருப்பார்? லாரிகளில் பன்றிகள் தெற்கே போயின. நோயும் அந்த லாரிகளிலேயே ஏறிப் போயிற்று. 1998 டிசம்பரிலிருந்து நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிக்காமாட்டிலும், பிறகு போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களிலும் நோய் வெடித்தது. புக்கிட் பெலாண்டோக் பகுதி அன்று பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரம். பாதிப்பும் அங்கேதான் மிகுதி.

படத்தில் வரும் அணுகுண்டை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கிருமியை அழிக்க வைத்த அந்தக் குண்டு வெடித்திருந்தால், அதன் ஆற்றலையே உணவாக உண்டு கிருமி பன்மடங்கு பெருகியிருக்கும் என்பது கதையின் கடைசியில்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது. நோயை ஒழிக்கும் வழி என்று நினைத்துச் செய்வதே நோயைப் பரப்பும் வழியாவது கதையில் மட்டும் நடப்பதன்று. பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டபோது ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் பயன்படுத்தியதும் நோயைப் பரப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர் ஐயுற்றனர்.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்துகொண்டிருந்தனர். அங்கே நுண்ணுயிரியல் துறையில் சுவா காவ் பிங் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் இருந்தார். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் வளர்க்கப்படும் உயிரணுக்களின்மேல் விட்டுப் பார்த்தார். சில நாட்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய கட்டிகளாக ஒட்டிக்கொண்டன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ் இப்படிச் செய்வதில்லை. ஆகவே இது வேறு ஏதோ ஒன்று.

இந்த இடத்தில் சற்று நின்று, ஆய்வுக்கூடங்களின் வகையைச் சொல்லிவிடுவது நல்லது. உலக வழக்கில் ஆய்வுக்கூடங்களை நான்கு காப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை, பள்ளிக்கூட ஆய்வறை போன்றது. இரண்டாம் நிலை, மருத்துவமனைகளில் சாதாரணமாகக் காண்பது. கையுறை, மேலங்கி, காப்புப் பெட்டி ஆகியவற்றோடு வேலை செய்வார்கள். மூன்றாம் நிலை, காசநோய்க் கிருமி போன்று காற்றில் பரவுபவற்றுக்கு. நான்காம் நிலைதான் படத்தில் கண்ட கூடத்துக்கு அருகில் வருவது. அங்கே வேலை செய்பவர் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிந்து, குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசிப்பார். வெளியே வரும்போது உடையோடு மருந்து நீரில் குளிப்பார்.

அந்த அறையின் சிறப்பு பூட்டில் இல்லை, காற்றில் இருக்கிறது. அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்திருப்பார்கள். அடுப்படியில் புகைபோக்கி நன்றாக இழுத்தால் கதவைத் திறந்தாலும் புகை நம் முகத்துக்கு வராமல் மேலேயே போகிறதல்லவா? அதுபோல, கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்காற்று வெளியே வராது. அறைக்காற்றை மிக நுண்ணிய வடிகட்டிகள் வழியாகவே வெளியே விடுவார்கள்.

இன்று நிப்பா வைரஸைக் கையாள இந்த நான்காம் நிலைக் கூடம் வேண்டும் என்பது விதி. ஆனால் அன்று அது நிப்பா என்று யாருக்கும் தெரியாது. பெயரே பிறக்கவில்லை. டாக்டர் சுவா சாதாரண மருத்துவமனை ஆய்வறையில், சாதாரணக் காப்போடுதான் அதை வளர்த்தார். கதையில் ஐந்தடுக்குக் கோட்டை முன்கூட்டியே கட்டித் தயாராக இருந்தது. உண்மையில், புதிய நோய் ஒன்றை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் கோட்டைக்கு வெளியே நிற்பவராகவே இருக்கிறார். பண்ணைத் தொழிலாளி, வார்டில் இருக்கும் தாதி, சாதாரண மேசையின் முன் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்.

டாக்டர் சுவா அந்த வைரஸை எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸ் என்ற ஊரில், கொசு பரப்பும் நோய்களை ஆராயும் அரசுக் கூடம் இருந்தது. அங்கே மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்த உருவம் கொசு பரப்பும் வைரஸின் உருவமே அன்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் சாயல் அதில் இருந்தது. பின்னர் அட்லாண்டாவில் உள்ள தலைமை நிலையத்தில் சோதித்தபோது, ஆஸ்திரேலியாவில் 1994ஆம் ஆண்டு குதிரைகளையும் குதிரைப் பயிற்சியாளர் ஒருவரையும் கொன்ற ஹெண்ட்ரா என்ற வைரஸுக்கு இது நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. உறவுதான், ஆனால் அதுவே இதுவன்று. உலகம் அதுவரை அறியாத வைரஸ்.

மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் இந்தச் செய்தி வெளியாயிற்று. வைரஸ் கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நிப்பா என்பது சேற்று நிலத்தில் வளரும் ஒரு பனை. அதன் ஓலையில் முடைந்த அத்தாப்புக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்களில் எத்தனையோ பேர். ஓலைக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் மட்டுமே ஒட்டிக்கொண்டது.

எதிரி யாரென்று தெரிந்ததும் வழி மாறிற்று. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள். பன்றியின் மூச்சுக்காற்று, எச்சில், சிறுநீர் ஆகியவற்றை அணுகியவர்களுக்கே நோய் தொற்றியது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 93 விழுக்காட்டினர் பன்றியோடு நேரடித் தொடர்பு உடையவர்கள் என்று தெரிந்தது. பன்றிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது தடுக்கப்பட்டது. இராணுவத்தினரும் கால்நடைத் துறையினரும் சேர்ந்து பண்ணை பண்ணையாகப் பன்றிகளைக் கொன்று புதைத்தனர். மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள். பண்ணைக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறின. பலர் அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை.

நோய் கண்டவர்கள் 265 பேர். இறந்தவர்கள் 105 பேர். மலேசியாவிலிருந்து போன பன்றிகளால் சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்து, ஒருவர் இறந்தார். 1999 மே மாதத்தோடு பரவல் நின்றது. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக் காய்ச்சல் திரும்பி வந்தது.

செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஐந்தரை மாதங்கள். இறந்தவர்களில் மிகப் பலர் அந்த மாதங்களின் கடைசிப் பகுதியில், தெற்கே நோய் பரவிய பிறகு நோயுற்றவர்கள். பன்றியின் இருமலைப் பற்றிப் பண்ணைக்காரர்கள் சொன்னதற்கும், குழந்தைகள் ஏன் தப்பினார்கள் என்பதற்கும் முதலிலேயே கூடுதல் கவனம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எழாமல் போகாது. படத்திலும் இதுபோல் ஓர் இடம் உண்டு. வெளியிலிருந்து அவசரச் செய்தி வரும். ஆனால் தந்தி அச்சுப்பொறியின் மணிக்கும் அதைத் தட்டும் கொண்டிக்கும் இடையே ஒரு சிறு காகிதத் துண்டு செருகிக்கொண்டு மணி அடிக்காது. கோடிக் கணக்கில் செலவழித்துக் கட்டிய கூடத்தில் செய்தி கேட்பாரற்றுக் கிடக்கும்.

சரி, பன்றிக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடும்போது நம் பகாங் மாநிலமே களமாயிற்று. ஹெண்ட்ராவின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த செய்தி. ஆகவே இங்கும் வௌவால்மீது ஐயம் விழுந்தது. டாக்டர் சுவாவும் அவர் குழுவினரும் பகாங் கரைக்கு அப்பால் இருக்கும் தியோமான் தீவுக்குப் போனார்கள். வௌவாலைப் பிடித்துக் குருதி எடுப்பது கடினம், ஆபத்தும்கூட. அவர்கள் செய்தது மிக எளிய வேலை. வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் இரவில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்தார்கள். கொழுந்து காயவைக்கும் படங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அதன்மேல் விழுந்திருந்த சிறுநீர்த் துளிகளையும், வௌவால் கடித்துப் போட்ட பழத்துண்டுகளையும் சேகரித்தார்கள். அந்தத் துளிகளிலும், கடித்த பழத்திலும் நிப்பா வைரஸ் கிடைத்தது.

ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே பழமரங்கள் இருந்தன. இரவில் வௌவால் வந்து தின்னும். பாதி தின்ற பழம் கொட்டகையில் விழும். பன்றி அதைத் தின்னும். இப்படித்தான் நோய் இறங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். வௌவால் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த வைரஸைச் சுமந்து, தான் நோயுறாமல் வாழ்ந்து வருவது. பழமரத்தையும் பன்றிக் கொட்டகையையும் ஒன்றாக வைத்தது நாம். அதன் பிறகு கொட்டகைகளுக்கு அருகில் பழமரம் கூடாது என்பது பாடமாயிற்று.

வௌவாலைக் கொன்றுவிட்டால் தீர்ந்ததல்லவா என்று சிலர் கேட்கலாம். தாப்பாவுக்கு இறங்கும்போது வழியில் டுரியான் வாங்காத குடும்பம் நம்மில் உண்டா? இரவில் மலரும் டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பவை வௌவால்களே. அவற்றை விரட்டினால் நோயுள்ள கூட்டம் சிதறி வேறு இடங்களுக்குப் போகும் என்பதும் ஒரு கவலை.

மலேசியாவில் அடங்கிய நோய் வேறு இடங்களில் தலைதூக்கியது. வங்காளதேசத்தில் 2001ஆம் ஆண்டு முதல் பலமுறை வந்திருக்கிறது. அங்கே பன்றி நடுவில் இல்லை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிக் கலயம் கட்டி இனிப்பு நீர் இறக்குவார்கள். நம் பதநீர் போன்றது. இரவில் வௌவாலும் அந்தக் கலயத்தில் வாய்வைக்கும். விடியலில் அதைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நோய். சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அணுகுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். நம் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வங்காளதேச நண்பர்களைக் கேட்டால் அந்த ஈச்சம் நீரின் சுவையைப் பற்றிச் சொல்வார்கள்.

இந்தியாவில் சிலிகுரி நகரில் 2001ஆம் ஆண்டு 66 பேருக்கு நோய் கண்டு 45 பேர் இறந்தனர். அவர்களில் பலர் மருத்துவமனையில் பணிபுரிந்தவர்களும் நோயாளிகளைப் பார்க்கச் சென்றவர்களும் ஆவர். அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்கே நோய் தாவியது. அது நிப்பா என்று தெரியவந்ததோ ஆண்டுகள் கழித்து. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் வந்ததைக் கண்ட மருத்துவர்கள் ஐயுற்று, உடனே மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில நாட்களிலேயே புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிலையம் நிப்பா என்று உறுதிசெய்தது. நான்காம் நிலைக் காப்புள்ள கூடம் அங்கே உண்டு. நோயாளிகளோடு தொடர்பு கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்காணித்தார்கள். 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர், முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்ற இளம் தாதி. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். நோய் அந்த வட்டாரத்தைத் தாண்டிப் பரவாமல் சில வாரங்களில் அடங்கியது.

நிப்பாவுக்கு, மக்களுக்குப் போட ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. சோதனைகள் நடக்கின்றன. ஆனால் இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். கொதிக்கும் சூடும் அதை அழித்துவிடும். ஐந்தடுக்குக் கூடத்தில் செய்யும் காரியத்தில் ஒரு பங்கை லயத்து வீட்டுக் குழாயடியிலும் செய்யலாம். வௌவாலோ அணிலோ கொறித்த பழம் மரத்தடியில் கிடந்தால், நல்ல பக்கத்தை வெட்டித் தின்னலாமே என்று பிள்ளைகள் நினைக்கும். அதைத் தடுப்பது தாய்மாரின் பொறுப்பு. நல்ல பழத்தையும் கழுவித் தோலுரித்தே கொடுக்க வேண்டும்.

மற்றொன்றையும் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத்து மருந்தகத்துக்குப் போனால் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? "காய்ச்சலுங்க, ஊசி போடுங்க" என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். டிரெசரோ மருத்துவரோ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை சில உண்டு. சென்ற இரண்டு வாரத்தில் எங்கே போனோம், என்ன வேலை செய்தோம், புதர் வெட்டினோமா, எலி நடமாடும் கொட்டகையைக் கூட்டினோமா, செத்த கால்நடையைத் தொட்டோமா, வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இல்லை. எலிக் காய்ச்சலும், புதர்க்காட்டு உண்ணிகளால் வரும் காய்ச்சலும் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களைப் பல தலைமுறையாகத் தொட்டு வருபவை. தொடக்கத்தில் இவை எல்லாம் ஒரே மாதிரியாகவே இருக்கும். பிரித்தறிய மருத்துவருக்கு உதவுவது நம் வாயிலிருந்து வரும் அந்தச் சின்னச் சின்ன விவரங்கள்தாம். ஆடு மாடு கோழி வளர்ப்பவர்கள், பல பிராணிகள் ஒரே சமயத்தில் இருமினாலோ செத்தாலோ, விற்றுவிடலாம் என்று அவசரப்படாமல் கால்நடைத் துறையிடம் சொல்ல வேண்டும்.

தியோமான் தீவில் கிடைத்த அந்தத் துளிகளைப் பற்றிய ஆய்வு 2002ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. அதே விரிப்புகளில் விழுந்த சிறுநீரில், அதுவரை யாரும் கண்டிராத மற்றொரு வைரஸும் கிடைத்திருந்தது. அதற்குத் தியோமான் வைரஸ் என்று பெயரிட்டார்கள்.